நாற்பதிலும் மாணவி ஆகலாம்

குழந்தைகளுக்காக வேலையை விட்ட பெண், பல ஆண்டுகள் கழித்து நக அலங்காரம் கற்கப் போனால், “இந்த வயசுல இது எதுக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் நக அலங்காரம் விளையாட்டு வேலை அல்ல. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். அளவுக்கு மீறித் தேய்த்து மெலியவைத்துவிட்டால், புது நகம் முழுதாக வளர ஏறக்குறைய 6 மாதம் ஆகும். ஜெல் பாலிஷைத் தோலில் படாமல் மெல்லிசாகப் பூசி, ஒவ்வொரு பூச்சையும் விளக்கொளியில் இறுகவைக்க வேண்டும். தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். இந்த வேலைக்கு வேண்டியவை நிதானம், சுத்தம், பொறுமை. வீட்டைக் கட்டிக்காத்தவர்களுக்கு இவை புதிதல்ல. போன வருடங்களை எண்ணி வருந்தாதீர்கள். தயங்காமல் வகுப்பில் சேருங்கள், கூச்சப்படாமல் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.