விளக்கு எரியும் மூலை



திருவிழாக் காலத்திலே எம்பெருமான் வீதியுலா வந்து வாசல்தோறும் அருட்காட்சி தருகின்றார். கொடியிறங்கிய பின் சுவாமி வசந்தமண்டபத்துக்குத் திரும்பிவிடுகின்றார். அடியார்களும் வீடு திரும்பிவிடுகின்றார்கள். வருடத்தின் மிகுதி நாட்களிலே இருவரும் சந்திக்கும் இடம் எது? வெள்ளிக்கிழமைக் கோயில் என்று சிலர் சொல்லக்கூடும். மலைநாட்டிலே வேலை, மழை, பஸ் ஆகிய மூன்றும் ஒத்துவந்தால்தான் வெள்ளிக்கிழமைக் கோயில். நாள் தவறாமல் சந்திக்கக்கூடிய இடம் வீட்டுக்குள்ளே இருக்கும் அந்தச் சிறிய சாமி மூலைதான்.

பூசையை ஆன்மார்த்தம், பரார்த்தம் என இரண்டாகச் சைவம் வகுத்துச் சொல்கின்றது. உலக நன்மையின் பொருட்டு ஆலயத்திலே சிவாசாரியார் செய்வது பரார்த்தம். தன் ஆன்ம ஈடேற்றத்தின் பொருட்டு ஒருவர் செய்வது ஆன்மார்த்தம். முறைப்படி அதற்குத் தீட்சை வேண்டும். எனினும் வீட்டிலே விளக்கேற்றி, திருநீறு பூசி, இரண்டு நிமிடம் கைகூப்பி நிற்பதும் அதன் எளிய சாயலே. அது சிறியது என்பதற்காக அற்பமானது அல்ல. மலையகத்துச் சனங்களின் வாழ்க்கையைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும்.

1820களில் கம்பளைப் பக்கத்திலே கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலமுதல் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மக்கள் கண்டிச்சீமைக்கு வரலானார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த பாதையிலே மாண்டவர்கள் ஏராளம். 1867ஆம் ஆண்டு லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பின்னர் கோப்பி நோயால் அழிந்தது, மலையெல்லாம் தேயிலையாயிற்று. ஆனால் சனங்களுக்குக் கிடைத்த வீடு மட்டும் மாறவில்லை. 10 அடிக்கு 12 அடி என்ற அளவில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. அடுப்பும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். பிள்ளை பிறப்பதும் பெரியவர் கண்மூடுவதும் அங்கேதான். காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். பெயர் செக்ரோலில் இருக்கும்வரைதான் அந்த இடம்.

அப்படிப்பட்ட புகையடைந்த காம்பராவுக்குள்ளே ஒரு முழ இடத்தைச் சாணமிட்டு மெழுகி, மாடக்குழியிலோ பலகைத்தட்டிலோ முருகன் படத்தையும் மாரியம்மன் படத்தையும் வைத்து, ஒரு சிட்டி விளக்கை ஏற்றிவைத்தார்கள். துரையின் கட்டளையும் கங்காணியின் அதட்டலும் அந்த ஒரு முழ இடத்துக்கு வெளியே நின்றன. வேறெதுவும் தமக்கென்று இல்லாதவர்களுக்கு அந்த மூலை சொந்தமாக இருந்தது. விடியுமுன் பிரட்டுக்குப் போகும் பெண்கள் அதன் முன்னே ஒரு கணம் நின்று போனார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு அந்தியிலே வந்து, கைகால் கழுவி, விளக்கேற்றிய பிறகுதான் அடுப்பை மூட்டினார்கள். அப்போது அவர்கள் என்ன சொல்லிக் கும்பிட்டிருப்பார்கள்? வழுக்குப் பாறையிலே கால் தவறவில்லை, குளவி கொட்டவில்லை, கூடை நிறை குறையவில்லை. இன்றைக்கு இவ்வளவும் செய்தாயே தாயே என்பதற்கு மேலே வேறென்ன!

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. கண்டியிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகையிரதத்துக்கு "ஒப்பாரிக் கோச்சி" என்றே பெயர் வந்துவிட்டது. போகிறவர்களும் அழுதார்கள், நிற்கிறவர்களும் அழுதார்கள். சுவரிலிருக்கும் மாடக்குழியைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. விளக்கைத் துணியிலே சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போகலாம். எந்தச் சுவரோரம் அந்த விளக்கை இறக்கிவைத்தாலும் அங்கே ஒரு சாமி மூலை உண்டாகிவிடும். இங்கே தங்கியவர்களிற் பலருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறகுதான் குடியுரிமை கிடைத்தது. அத்தனை வருடமும் அந்த மூலைகளிலே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

சாமி மூலை ஈசானிய மூலையில்தான் அமையவேண்டும் என்று வாஸ்து பார்ப்பவர்கள் கூறுவார்கள். முடிந்தால் நல்லதே. ஆனால் முதுகோடு முதுகாகக் கட்டப்பட்ட இரட்டை லயத்திலே ஒரு வரிசையின் வாசல் கிழக்கே என்றால் மறுவரிசையின் வாசல் மேற்கே. அடுப்புக்கும் சாக்குக்கும் போக மிஞ்சிய மூலை எதுவோ அதுதான் ஈசானியம்! அந்த வீடுகளுக்குள் வர இறைவன் திசை பார்த்ததாகத் தெரியவில்லை.

பெரியபுராணத்திலே பூசலார் நாயனார் வரலாறு வருகின்றது. திருநின்றவூரிலே வாழ்ந்த அவருக்குச் சிவனுக்கு ஒரு கோயில் கட்டவேண்டுமென்று ஆசை. தேடித் திரிந்தும் பொருள் கிடைக்கவில்லை. ஆகவே மனத்துக்குள்ளே கட்டத் தொடங்கினார். கல், மரம், ஆட்கள் எல்லாம் நினைவினாலே சேர்த்தார். நல்ல நாள் பார்த்து அடித்தளமிட்டு, விமானம் எழுப்பி, கிணறு தோண்டி, மதில் சுற்றி, குளமும் வெட்டிக் கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியிலே பல்லவ மன்னன் தான் எடுத்த கற்றளிக்குக் குடமுழுக்குச் செய்ய இருந்தான். இறைவன் அரசனின் கனவிலே தோன்றி, நாளைக்கு நின்றவூர் அன்பனின் ஆலயத்துக்குப் போகின்றோம், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்றார். அரசன் பதறிப்போய் நின்றவூருக்கு வந்து, பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று கேட்டான். ஊரவர் ஒருவருக்கும் தெரியவில்லை! திருப்பணிச் சபைகளுக்கு இந்தக் கதை கொஞ்சம் உறைக்கத்தான் செய்யும். கருங்கல்லுக்கும் வர்ணப்பூச்சுக்கும் செலவிடுவது பிழையன்று. அந்த மன்னனின் கோயிலையும் இறைவன் தள்ளிவிடவில்லை. ஆனால் முதலிலே போனது எங்கே என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

அண்மைக் காலத்திலும் இதைக் கண்டோர் பலர். 2020 மார்ச் மாதம் ஊரடங்குச் சட்டம் வந்து ஆலயக் கதவுகள் அடியார்களுக்கு மூடப்பட்டபோது வீட்டு மூலைதான் கோயிலாயிற்று. 2022 மார்ச் இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. தொலைக்காட்சி ஓய்ந்தது, கைத்தொலைபேசி உயிர்விட்டது. எண்ணெய் விலையும் ஏறிவிட்டபடியால் ஒரு வீட்டிலே ஒரு விளக்குத்தான். அதைச் சுற்றிப் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்தார்கள். பசியும் கஷ்டமும் நிறைந்த அந்த நாட்களிலே இந்த ஒன்று மாத்திரம் நல்லதாக நடந்தது. மின்சாரம் திரும்பியதும் அவரவர் திசைக்குப் போய்விட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இப்போது 7 பேர்ச் காணியிலே தனி வீடுகள் சில இடங்களில் எழுந்திருக்கின்றன. இன்னும் பல குடும்பங்கள் லயத்திலேதான். புது வீட்டிலே சாமிக்குக் கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி, உள்ளே மின்குமிழ். பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் சுவிட்சைத் தட்டினால் எரியும் குமிழுக்கு முன்னே யாரும் நிற்பதில்லை. திரிதிரித்து, எண்ணெய் வார்த்து, தீக்குச்சி கிழிக்கும் அந்த அரை நிமிடத்திலேதான் மனம் ஓரிடத்தில் நிற்கின்றது. கலண்டர் படங்களையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, கிழிந்த படமும் காய்ந்த மாலையுமாக விடுவதும் வேண்டாம். ஒரு படம் போதும். பலகைச் சுவருக்கும் திரைச்சீலைக்கும் எட்டத்திலே விளக்கை வைக்கவேண்டும். படுக்கப் போகுமுன் மலர்த்தாது அமர்த்திவிடவேண்டும்.

அந்த மூலையிலே நின்று பரீட்சை, வேலை, விசா என்று கேட்காதவர் இல்லை. பிள்ளை தகப்பனிடம் கேட்கத்தான் செய்யும். கேட்பதற்கு முன்னே அன்றைய நாளிலே கிடைத்த ஒன்றைப் பெயர் சொல்லிச் சொல்லவேண்டும். குழாயிலே தண்ணீர் வந்தது, மூத்தவன் வேலையால் நேரத்துக்கு வந்துசேர்ந்தான், கிழவியின் காய்ச்சல் இறங்கியது. பொதுவாக "எல்லாம் உன் அருள்" என்று சொல்வது சுலபம். ஒன்றைக் குறித்துச் சொல்வதற்குத்தான் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கவேண்டியிருக்கின்றது.

2025 நவம்பர் இறுதியிலே டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையால் கண்டி மாவட்டத்தின் பல இடங்களில் மலை சரிந்தது. உயிர்களும் வீடுகளும் மண்ணுக்குள்ளே போயின. சாமி மூலைகளும் அவற்றோடு போயின. வீடு இழந்து நிற்பவரிடம் போய் நன்றி சொல்லுங்கள் என்று உபதேசம் செய்வது அறமாகாது. அவர்களுக்கு முதலில் வேண்டியது பாயும் அரிசியும். நன்றி சொல்லவேண்டியவர்கள் கூரை தப்பியவர்கள். அந்த நன்றி வாயோடு நிற்கவும் கூடாது. பிடியரிசி என்று சைவ வீடுகளிலே பழைய வழக்கம் ஒன்று உண்டு. உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையிலே போட்டுவிடுவார்கள். அந்தப் பானையைச் சாமி விளக்குக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். மாத முடிவிலே அது யார் வீட்டுக்குப் போகவேண்டும் என்பது அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும்.