கட்டியை மறைக்காதீர்கள்



குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. அந்த நொடியே அந்தப் பெண் வாயை மூடிக்கொள்கிறாள். அம்மாவிடம் சொல்ல வெட்கம், கணவனிடம் சொல்லத் தயக்கம், மருத்துவரிடம் காட்டக் கூச்சம். ஆடி போகட்டும் என்கிறாள், தீபாவளி போகட்டும் என்கிறாள், பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்கிறாள். அவளை இப்படி மௌனமாக்கியவர்கள் நாம். இதற்கு நாம் அனைவரும் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

முதலில் பயத்தை விடுங்கள். மார்பில் தென்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. 15 முதல் 35 வயதுக்குள் அதிகம் வருவது ஃபைப்ரோஅடினோமா என்னும் நார்க்கட்டி. தொட்டால் கோலிக்குண்டு போல வழுக்கி நழுவும். 35 வயதுக்கு மேல் நீர்க்கட்டிகள் அதிகம். பால் கொடுக்கும் தாய்க்குப் பால் கட்டிக்கொள்ளும், சில சமயம் சீழும் பிடிக்கும். மாதவிலக்குக்கு முன் மார்பு கனத்து, முடிச்சு முடிச்சாகி வலிப்பது ஹார்மோன்களின் வேலை.

ஆனால் உங்கள் கட்டி எந்த வகை என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் யார்? "சூட்டுக் கட்டிதான்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லக் கூடாது. "வலிக்கவில்லையே, ஒன்றும் இருக்காது" என்று மாமியார் சொல்லக் கூடாது. புற்றுநோய்க் கட்டியும் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை! மருத்துவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஸ்கேன் எடுக்க வேண்டும். 40ஐ நெருங்கியவர்களுக்கு மேமோகிராமும் எடுப்பார்கள். தேவைப்பட்டால் ஊசியால் துளி திசு எடுத்துச் சோதிக்க வேண்டும். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற பேச்சை நம்பி அந்தச் சோதனையைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

போனால் அறுத்துவிடுவார்கள் என்று அஞ்சாதீர்கள். தீங்கற்றது என்று உறுதியான சிறு நார்க்கட்டியைப் பெரும்பாலும் அப்படியே விட்டு, சில மாதங்கள் கழித்து மறுபடி ஸ்கேனில் பார்ப்பார்கள். மளமளவென வளர்ந்தால் எடுத்துவிடுவார்கள். வலிக்கும் நீர்க்கட்டியிலிருந்து ஊசியால் நீரை உறிஞ்சிவிடுவார்கள். பால் கட்டியதற்காகத் தாய்ப்பாலை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் தோல் குழிந்தாலோ, காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொண்டாலோ, அதில் ரத்தம் கசிந்தாலோ, அக்குளில் கட்டி தெரிந்தாலோ, ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள்.

எங்கே போவது என்று திகைக்க வேண்டாம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் பாடுபட்டு எழுப்பிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் திறக்கப்பட்டது. இன்று மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே மருத்துவரைப் பார்க்கலாம். வீட்டிலிருந்து கூட்டிப் போகத்தான் ஆள் இல்லை!

கணவன்மார்களே, அவள் சொன்ன அன்றே கூடப் போங்கள். மாமியார்களே, கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு அவளை அனுப்புங்கள். வரன் பார்க்கும் நேரத்தில் வெளியே தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும் என்று மகளின் கட்டியை மூடி மறைக்கும் பெற்றோரே, உங்களைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன். அது வெறும் நார்க்கட்டியாக இருந்தால் இந்த மாதமே உங்களுக்கு நிம்மதி கிடைக்கும். வேறாக இருந்தால், நீங்கள் ஒளித்துவைக்கும் ஒவ்வொரு நாளும் அவள் ஆயுளிலிருந்து போகிறது. பெண் மருத்துவர்தான் வேண்டும் என்றால் கேளுங்கள், தவறில்லை. நல்ல நாள் பார்க்காதீர்கள்; இந்த வாரமே அழைத்துப் போங்கள்.