தாங்காம எங்க போறது?

அப்பா படுக்கையில் கிடந்த நான்கு ஆண்டுகளும் அம்மாதான் பார்த்துக்கொண்டாள். புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, கஞ்சியைக் கரைத்து ஊட்டுவது, இரவில் மூன்று முறை எழுந்திருப்பது. அண்ணனும் நானும் மாதம் ஒருமுறை போவோம். பழம் வாங்கி வைத்துவிட்டு வருவோம். காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: “உங்கம்மா தாங்கிட்டாங்க. வேற யாராலயும் முடியாது.” கூட்டம் கலைந்த பிறகு அதை அம்மாவிடம் சொன்னேன், பெருமைப்படுவாள் என்று நினைத்து. பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “தாங்காம எங்க போறது கண்ணு?”

அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை நான் யோசிக்கத் தொடங்கியது, ஓடத் தொடங்கிய பிறகுதான்.

அப்போது எனக்கு 43 வயது. கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று ஆரம்பித்தேன். அந்த ஒரு நிமிடத்திலேயே மூச்சு வாங்கியது. தினமும் எதிரில் நடந்து வரும் ஒரு பெரியம்மா நிறுத்திக் கேட்டார்: “ஏன் அம்மணி, இந்த வயசுல உடம்பு தாங்குமா?” வீட்டில் கணவர் கேட்டார்: “முட்டி தாங்குமா?” ஊரில் அத்தை போனில் கேட்டார்: “கர்ப்பப்பை தாங்குமா?”

நான்கு ஆண்டுகள் ஒரு ஆணின் முழு எடையைத் தினமும் தூக்கிய அறுபது வயதுப் பெண்ணிடம் இந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒரே உடல், ஒரே வினைச்சொல். வீட்டுக்குள் தாங்கினால் பாராட்டு. வெளியே போய், தனக்காக, தானே விரும்பித் தாங்க நினைத்தால் சந்தேகம். பெண்ணின் தாங்கும் சக்தியை இவர்கள் நம்புகிறார்களா, இல்லையா?

நெடுந்தூர ஓட்டத்தின் வரலாற்றைப் படித்தபோது, இது எங்கள் வீட்டுக் கேள்வி மட்டுமல்ல என்று தெரிந்தது. 1908 லண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் இத்தாலியின் டொராண்டோ பியத்ரி மைதானத்துக்குள் வந்ததும் நிலைகுலைந்தார். மீண்டும் மீண்டும் விழுந்தார். அதிகாரிகள் தூக்கிவிட்டுக் கோட்டைக் கடக்க வைத்தார்கள். உதவி பெற்றதால் தகுதி நீக்கம் ஆனது. ஆனாலும் அரசி அவருக்குக் கோப்பை கொடுத்தார். உலகம் அவரை வீரன் என்றது. அதற்காக ஆண்களின் மாரத்தானை ஒலிம்பிக்கிலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, 1928 ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் முதன்முறையாக ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடினார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே உலக சாதனையோடு வென்றார். இறுதிச் சுற்றில் ஓடிய ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். முடித்த பிறகு சிலர் களைத்துத் தரையில் சாய்ந்தார்கள். அதைப் பத்திரிகைகள் பெரிய விபத்துபோல எழுதின. அடுத்து 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அந்த ஓட்டம் கிடையாது. ஒரு ஆண் விழுந்தால் அது அவனுடைய வீரக்கதை. ஒரு பெண் விழுந்தால் அது எல்லாப் பெண்களுக்கும் எதிரான சாட்சி.

பெண்ணால் அவ்வளவு தூரம் ஓட முடியாது என்று பாஸ்டன் மாரத்தானில் விண்ணப்பம் மறுக்கப்பட்ட பாபி கிப், 1966-இல் புதருக்குள் ஒளிந்திருந்து, ஓட்டம் தொடங்கியதும் கூட்டத்தில் கலந்து ஓடி முடித்தார். மறு ஆண்டு கேத்ரின் ஸ்விட்சர் முதலெழுத்துகளை மட்டும் கொடுத்துப் பதிவுசெய்து, 261 என்ற எண்ணோடு ஓடினார். வழியில் ஒரு நிர்வாகி ஓடிவந்து அவரைப் பிடித்து இழுத்து எண்ணைப் பறிக்கப் பார்த்தார். ஒலிம்பிக்கில் ஆண்களின் முதல் மாரத்தான் 1896-இல். பெண்களுக்கு அது 1984-இல்தான் கிடைத்தது. 88 ஆண்டுகள் இடைவெளி.

நன்றாக ஓடிவிட்டால் மட்டும் சந்தேகம் தீர்ந்துவிடுகிறதா? புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து போன சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். விழுந்தால் ‘பெண்தானே’. ஜெயித்தால் ‘பெண்தானா’. இரண்டுக்கும் நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். பெண் உடலின் எல்லை எது என்று தீர்மானிப்பவர் அந்த உடலுக்குச் சொந்தக்காரி இல்லை என்பது மட்டும் இரண்டிலும் மாறவில்லை.

ஒரு நிமிடம் ஐந்து நிமிடமானது. ஐந்து கிலோமீட்டர் பத்தானது. ஒன்றரை ஆண்டில் அரை மாரத்தான், 21 கிலோமீட்டர் ஓடினேன். தூரத்தைக் கூட்டுவதில் ரகசியம் எதுவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். தசைநாண்களும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடும் அளவு மெதுவாகத்தான் வாரத்தின் நீண்ட ஓட்டத்தை ஓட வேண்டும். எல்லாவற்றையும்விட எனக்குப் புதிதாக இருந்த பாடம் ஒன்று: ஓடும்போது உடல் பலமடைவதில்லை, தேய்கிறது. ஓய்வில்தான் அந்தத் தேய்மானத்தைச் சரிசெய்து முன்பைவிடப் பலமாகிறது. ஓய்வு இல்லாத பயிற்சி பயிற்சியே அல்ல, காயம்.

இதைப் படித்த அன்று எனக்கு அம்மாவின் நான்கு ஆண்டுகள் நினைவுக்கு வந்தன. அவளுடைய அட்டவணையில் ஓய்வு நாள் எங்கே இருந்தது? 2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். இதில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. பெண்களுக்கு இயற்கையிலேயே தாங்கும் சக்தி அதிகம் என்று சொல்வது எவ்வளவு வசதியான புகழ்ச்சி! அந்தச் சக்தி வளர்வதற்கு வேண்டிய ஓய்வை மட்டும் கொடுக்க மாட்டார்கள். தேய்மானத்துக்குப் பொறுமை என்று பெயர் வைப்பார்கள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பொறுத்தவள் எந்தப் பூமியை ஆண்டாள்?

பிறகு ஒரு முழு மாரத்தானுக்குப் பதிவுசெய்தேன். 27-வது கிலோமீட்டரில் இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. ஒரு கிலோமீட்டர் நொண்டிப் பார்த்தேன். பிறகு தண்ணீர் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்த கல்லூரிப் பெண் ஒரு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்து, “பரவால்லைங்க்கா, அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்றாள். வண்டி வந்தது, ஏறினேன். யாரும் என்னைத் திட்டவில்லை. யாருடைய வாழ்க்கையும் நின்றுபோகவில்லை.

வண்டியில் வரும்போதுதான் அம்மாவின் கேள்வி எனக்குப் புரிந்தது. என்னால் நிறுத்த முடிந்தது. அதனால்தான் நான் ஓடிய 28 கிலோமீட்டரும் என்னுடையவை. ஒவ்வொரு கிலோமீட்டரிலும் நிறுத்தாமல் இருக்க நானே முடிவெடுத்தேன். போக வேறு இடமே இல்லாதவள் தாங்குவதை நாம் நற்குணம் என்று புகழும்போது, அவளிடம் இல்லாத ஒரு தேர்வை அவள் தலையில் கட்டுகிறோம். கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே இருப்பவளின் பொறுமையை வியப்பதுபோல.

இதற்கு ஒரு மறுப்பு இருக்கிறது, அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஓட்டம் பொழுதுபோக்கு; நோயாளியைப் பார்ப்பது கடமை. நள்ளிரவில் இருமுகிற மனிதனை விட்டுவிட்டு, கெண்டைக்கால் வலிக்கிறது என்று உட்கார முடியுமா? முடியாது. அம்மாவுக்கு அப்பா மேல் அன்பும் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலையை நிறுத்த முடியாது என்பதற்கும், அவள் நிறுத்த முடியாது என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஓட்டத்தில் வழி நெடுக மேசை போட்டு, தண்ணீரும் பழமும் வைத்து, விழுந்தால் ஏற்றிக்கொள்ள வண்டி விடுகிறார்கள். அம்மாவின் வழியில் மேசை இல்லை, வண்டி இல்லை. மேசையாக இருந்திருக்க வேண்டியவர்கள் அண்ணனும் நானும். நாங்கள் பழம் வாங்கி வைத்துவிட்டு, “அம்மா தாங்கிடுவாங்க” என்று பஸ் ஏறினோம். அந்தப் புகழ்ச்சி எங்களுக்குத்தான் தேவைப்பட்டது.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். அம்மா இப்போது எங்களோடு கோவையில் இருக்கிறாள். மாரத்தானுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மூன்று மணி நேரம் ஓடிவிட்டு வந்தால், இட்லியும் சட்னியும் தயாராக இருக்கும். நான்கு மாதம் அப்படி வந்து சாப்பிட்டேன். யார் செய்தது என்று நான் யோசிக்கவே இல்லை. என் விருப்பத்துக்குரிய ஓட்டத்தை மறுபடியும் அவள்தான் தாங்கிக்கொண்டிருந்தாள். நம்மில் ஒருத்தி விடுதலையாகும்போது, வேலை இன்னொரு பெண்ணின் கைக்குப் போகிறதா, ஆணின் கைக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். அம்மாவோ, மாமியாரோ, வேலைக்கு வரும் அக்காவோ தாங்கினால் அது விடுதலை அல்ல, சுமை மாற்றம்.

ஞாயிறு சமையலறை இப்போது கணவருக்கும் மகனுக்கும். சண்டை இல்லாமல் அது நடந்துவிடவில்லை. இன்னமும் முழுதாக முடிந்துவிடவில்லை. போன ஞாயிறு அம்மாவை ரேஸ்கோர்ஸுக்குக் கூட்டிப் போனேன். நான் ஓடினேன், அவள் நடந்தாள். திரும்பி வந்து பார்த்தபோது ஒரு சிமெண்ட் பெஞ்சில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் கொஞ்சம் நடக்கலாமா என்று கேட்டேன்.

“போதும்” என்றாள். அம்மாவின் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.