நூற்றைம்பது ரூபாயைக் கொடுத்தவர் யார்?

கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினோம். போடிநாயக்கனூரில், ஏழாம் வகுப்பில். "தோட்ட முதலாளி ஒருவர் உள்ளூர் ஆளை வேலைக்கு வைத்தால் நாளொன்றுக்கு 600 ரூபாய் செலவாகும். தொலைவிலிருந்து ஆளை வரவழைத்தால் 450 ரூபாய்தான். அவருக்கு மிச்சம் எவ்வளவு?" தொகைகள் கணக்குக்காக நாமே வைத்துக்கொண்டவை. வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடை சொல்லிற்று: "நூற்றைம்பது!"

கழித்தலில் பிழையில்லை. அடுத்த கணக்கை எழுதத் திரும்பினோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். "ஐயா, அந்த நூற்றைம்பதை யார் கொடுத்தாங்க?" என்று கேட்டாள்.

மிச்சம் என்று நாம் எழுதினோம். யாரோ கொடுத்தார்கள் என்று அவள் நினைத்தாள். அவளுடைய தாய் நாள்தோறும் விடியுமுன் ஜீப் ஏறி மலைத் தோட்டத்துக்குப் போகிறவர். பட்டம் பெற்ற நமக்குத் தோன்றாத கேள்வி அந்தச் சிறுமிக்குத் தோன்றியதில் வியப்பில்லை. அன்று விடை சொல்ல நம்மால் முடியவில்லை. மணி அடித்தது, தப்பித்தோம். ஆனால் பகுத்தறிவு பேசுகிறவர்கள் மணியடித்ததால் தப்பித்துக்கொள்ளலாமா? விடை தேடினோம். அதைத்தான் தோழர்கள் முன் வைக்கிறோம்.

மேற்கே பாருங்கள். போடியிலிருந்து மெட்டு ஏறினால் ஏலமலை. மலைக்கு அந்தப்பக்கம் உடும்பன்சோலை, வண்டன்மேடு. அங்கே விளையும் காய்க்கு இங்கே போடியில் ஏலம். அங்கே காயெடுக்கும் கைகளில் பெரும்பகுதி நெடுங்காலமாக இங்கிருந்து செல்லும் கைகள். 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. பக்கத்து மலைக்குப் போகிறவர், முன்போலவே வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போகிறவராகவே இருந்தார். மலை நகரவில்லை, மனிதரும் நகரவில்லை; முன்பே இருந்த ஒரு கோடு நிலைத்தது, அவர் அயலாராகவே எண்ணப்பட்டார்.

இன்று அதே தோட்டங்களுக்கு அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் பக்கத்தில் நிறுத்தினால் நம் போடிப் பெண்மணி உள்ளூர் ஆள். மலையாளத் தொழிலாளியின் பக்கத்தில் நிறுத்தினால் அவரே வெளியூர் ஆள். ஆக, உள்ளூர், வெளியூர் என்பவை ஆளோடு பிறந்த குணங்கள் அல்ல. யாருடைய கணக்கேட்டில் எழுதப்படுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும் பெயர்கள்.

இப்போது கணக்கேட்டைப் பிரித்துப் பார்ப்போம். தோட்டத்திலேயே குடியிருந்து நிலையாக வேலை செய்யும் தொழிலாளிக்குக் கூலி மட்டும் கொடுத்தால் போதாது. குடியிருக்க வீடு, குடிக்க நீர், மருத்துவம், கைக்குழந்தைக்குக் காப்பகம், பிள்ளைக்குப் பள்ளி ஆகியவற்றைத் தருவது பெருந்தோட்ட முதலாளியின் கடமை என்றது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். 1952இல் வருங்கால வைப்பு நிதிச் சட்டமும், 1961இல் பேறுகாலப் பயன் சட்டமும், 1972இல் பணிக்கொடைச் சட்டமும் வந்தன. இவற்றில் எதுவும் அருளால் கிடைத்ததன்று. சங்கம் கட்டி, கேட்டுக் கேட்டுப் பெற்றது.

நாள்கூலியாக ஜீப்பில் வரும் பெண்ணுக்கு முதலாளி வீடு கட்ட வேண்டியதில்லை. அவள் வீடு போடியில் இருக்கிறது. அவள் பிள்ளைக்குப் பள்ளி வைக்க வேண்டியதில்லை. நம் ஊர்ப் பள்ளி இருக்கிறது. நோயுற்றால் நம் அரசு மருத்துவமனை இருக்கிறது. வண்டிக்குள் அளவுக்கு மீறி ஏற்றப்பட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வரும் மணி நேரங்களுக்கோ கூலியே இல்லை. தொலைவிலிருந்து வந்தவரின் செய்தி இன்னும் எளிது. அவரைப் பெற்று வளர்த்தது ஜார்க்கண்டில் ஒரு தாய். அவர் முதுமையடைந்தால் கஞ்சி ஊற்றப்போவதும் அந்த ஊர்தான். இடைப்பட்ட வலிமையான ஆண்டுகள் மட்டும் தோட்டத்துக்கு. வரும்போதே அவர் தரகரிடம் முன்பணம் வாங்கியிருந்தால், அதைக் கழிக்கும் வரை வாயும் திறக்கமாட்டார்.

ஆகவே, சிறுமியின் கேள்விக்கு முதல் விடை இது: நூற்றைம்பது ரூபாய் மிச்சமாகவில்லை, இடம் மாறிற்று. முதலாளியின் ஏட்டிலிருந்து நீங்கி, ஒரு தாயின் அடுப்பிலும் ஒரு கிழவரின் பட்டினியிலும் போய் எழுதப்பட்டது. அந்த ஏட்டைத் தணிக்கை செய்ய எந்தக் கணக்காளரும் வருவதில்லை.

இது புதிய தந்திரமா? 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தது. இழப்பீடு 2 கோடி பவுன் கொடுக்கப்பட்டது. யாருக்கு? சாட்டையடி பட்டவர்களுக்கன்று, சாட்டை பிடித்தவர்களுக்கு! அடுத்த ஆண்டே, 1834இல், மொரிசியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினர். விடுதலை பெற்றவர் கூலி கேட்பார். தொலைவிலிருந்து வருபவர் கேட்கமாட்டார். கணக்கு அவ்வளவுதான்.

இலங்கைக்குப் போன நம்மவர் கதையும் அதுவே. காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைக்கும் கங்காணிகள் ஊர் ஊராய் ஆள் சேர்த்தனர். கடனைத் தீர்த்தால் விடுவிப்பதாக எழுதிய "துண்டு" கையில் இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டம் போக முடியாது. 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது. காட்டை நாடாக்கியவர்களை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம்! மூட்டைகளையும் இப்படித்தான் பிரிப்பார்கள். நூறாண்டுக்கு மேல் "மலிவு" என்று எழுதப்பட்ட கணக்கின் பாக்கி, தலைகளாக எண்ணித் தீர்க்கப்பட்டது.

நம் பக்கத்து மூணாற்றையும் பார்ப்போம். அங்கேயும் கங்காணிகள் அழைத்துச் சென்றவர்களின் பேத்திமார் கொழுந்து பறிக்கிறார்கள். 2015 செப்டம்பரில் அந்தப் பெண்கள், "பெம்பிளை ஒருமை" என்று பெயரிட்டுக்கொண்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுங்கச் சொல்லிவிட்டுத் தெருவில் அமர்ந்தனர். குறைக்கப்பட்ட 20 விழுக்காட்டு ஊக்கத்தொகையை மீட்டனர். 232 ரூபாயாயிருந்த தேயிலைத் தோட்ட நாள்கூலி அந்த ஆண்டே 301 ஆயிற்று. பாட்டி மலிவானவராக வந்தார். பேத்தி உரிமை கேட்டார். கேட்ட அன்றே அவர் உள்ளூர் ஆளாகிவிட்டார். முதலாளியின் அகராதியில் "உள்ளூர் ஆள்" என்பதற்குப் பொருள் இதுதான்: கேட்கத் துணிந்தவர். அப்படியானால் "வெளியூர் ஆள்" என்பவர் யார்? இன்னும் கேட்கத் துணியாதவர்.

எதிர்வாதத்தையும் நேர்மையோடு கேட்போம். "ஜார்க்கண்டில் கிடைப்பதைவிட இங்கே அவனுக்குக் கூடக் கிடைக்கிறது. அவனுக்கும் நன்மை, எனக்கும் நன்மை. இதில் குற்றமென்ன?" என்பார் முதலாளி. வாதத்தில் உண்மை இருக்கிறது. அவர் கட்டாயத்தால் மட்டும் வரவில்லை, நம்பிக்கையாலும் வருகிறார். வரும் உரிமையை மறுக்க நாம் யார்? இன்னொன்றையும் ஒப்புக்கொள்வோம்: எல்லாத் தோட்டக்காரரும் செல்வர் அல்லர். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோவுக்கு 7,000 ரூபாய் வரை போன காய், சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. சிறு தோட்டக்காரர் கலங்குவது நியாயமே. ஆனால் ஒன்று கேட்கிறோம்: விலை ஏழாயிரத்தைத் தொட்டபோது கூலியும் அப்படி ஏறியதா? ஏற்றம் ஒருவருக்கு, இறக்கம் மட்டும் இருவருக்கும் என்றால் அது என்ன கூட்டு? "முன்பைவிடக் கூட" என்பது நியாயத்தின் அளவுகோலாகுமா? பட்டினி கிடந்தவனுக்குப் பாதி இலை போட்டுவிட்டு, நேற்று அதுவும் இல்லையே என்று சொல்வது விருந்தாகாது.

நம் பக்கத்திலும் ஒரு தவறான வாதம் உலவுகிறது. "வடக்கத்தியானை விரட்டு! நம் பிழைப்பைக் கெடுக்க வந்தவன்!" இளைஞர் சிலர் இதைத் தமிழ்ப்பற்று என்று நினைக்கிறார்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்றுச் சிக்கல் கொதித்தபோது, ஏலத்தோட்டங்களிலிருந்து நம் பெண்கள் அஞ்சி அஞ்சி மலையிறங்கி வந்ததை இந்த ஊர் மறந்துவிட்டதா? அன்று அவர்கள்மீது வீசப்பட்ட சொல்லை இன்று அசாமியத் தோழன்மீது நாம் வீசுவதா? 2000ஆம் ஆண்டில் சென்னைத் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது முதல், நம் பட்டதாரிகள் இரவெல்லாம் விழித்து அமெரிக்கக் குழுமங்களுக்கு உழைக்கிறார்கள். அங்கே வேலையிழந்தவன் நம் பிள்ளையை என்னவென்று ஏசுவான்? மலையாளி வளைகுடாவில் மலிவு, தமிழன் மலையில் மலிவு, ஜார்க்கண்டுக்காரர் தமிழனினும் மலிவு. பிறப்பால் மலிவான மனிதன் எங்கும் இல்லை. வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவு வந்தான் என்பதே அவன் விலையைக் குறைக்கிறது.

தோழர்களே, இந்தக் கணக்கை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். எந்தச் சாதியில் பிறந்தான் என்று கேட்டுத்தானே இந்த நாட்டில் கூலி வகுத்தார்கள்? எந்த மாவட்டத்தில் பிறந்தான் என்று கேட்டு இன்று வகுக்கிறார்கள். அன்று காரணம் கேட்டால் தலைவிதி என்றார்கள். இன்று கேட்டால் சந்தை விதி என்கிறார்கள். பிறப்பை வைத்து மனிதனை அளப்பதை எதிர்த்து எழுந்த நாம், பிறந்த இடத்தை வைத்து அளப்பதற்கு வாய்மூடி இருக்கலாகுமா?

எனவே ஒரு சோதனையை முன்வைக்கிறோம். தொலைவிலிருந்து ஆள் கொணரும் எவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்: "அதே கூலி, அதே கூரை, அதே மருத்துவம், பிள்ளைக்கு அதே பள்ளி தருவதானாலும் இவரை அழைப்பேனா?" அழைப்பேன் என்றால் அவருக்கு வேண்டியது உழைப்பு; வருக, வாழ்க! மாட்டேன் என்றால், அவர் விலைகொடுத்து வாங்கியது உழைப்பை அன்று, ஒரு மனிதனின் ஆதரவற்ற நிலையை. அது விற்பனைக்கு வைக்கத்தக்க பொருளன்று.

வெளிமாநிலத் தொழிலாளருக்கு ஒரே வேலைக்கு ஒரே கூலி என்றது 1979ஆம் ஆண்டின் சட்டம். அதையும் தோட்டத் தொழிலாளர் சட்டத்தையும் 2020இல் இயற்றப்பட்ட தொகுப்புச் சட்டம் தன்னுள் அடக்கிக்கொண்டது. சட்டத்தின் பெயர் எதுவாயினும், கேட்பவர் இல்லாத சட்டம் காகிதமே. ஜீப்பில் போகும் நம் தாய்மாரும் தகரக் கொட்டகையில் தங்கும் அந்தத் தோழரும் ஒரே சங்கத்தில் அமர்ந்து ஒரே கூலி கேட்டால், மலிவான ஆளைத் தேடும் பயணம் நின்றுவிடும். தேடுவதற்குக் காரணமே இராது. அயலானின் கூலியை உயர்த்துவதே நம் கூலிக்கும் காப்பு. இது தன்னலமாயிருந்தாலும் அறமும் அதுவே.

மறுநாள் வகுப்பில் அந்தக் கணக்கை மீண்டும் எழுதினோம். "மிச்சம்: 150" என்பதன் கீழே இன்னொரு வரி சேர்த்தோம்: "கொடுத்தவர்:". எதிரே இடம் விட்டோம். அந்தச் சிறுமி எழுந்து வந்து, சுண்ணக்கட்டியை வாங்கி, "எங்க அம்மா" என்று எழுதினாள். சற்று நின்று, அதற்குப் பக்கத்தில், "இன்னொருத்தரோட அம்மாவும்" என்று சேர்த்தாள்.

அதற்குமேல் நாம் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை.