எந்தச் சந்திரயான்?

தேர் நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். ராக்கெட் நகர்வதைப் பார்த்திருக்கிறீர்களா? பறப்பதைச் சொல்லவில்லை. அதற்குச் சில நாட்கள் முன்னால், நின்ற கோலத்தில், தண்டவாளத்தின் மேல் மெல்ல ஊர்ந்து போகுமே... அதைச் சொல்கிறேன்.

ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாவது ஏவுதளம் 2005 மே மாதத்திலிருந்து வேலை செய்கிறது. அங்கே 82 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதற்குள் ராக்கெட்டை அடுக்கடுக்காகப் பூட்டி, நகரும் மேடை ஒன்றில் நிறுத்தி, சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஏவுமேடைக்குக் கொண்டுபோகிறார்கள். அமெரிக்காவில் இது இன்னும் பிரமாண்டம். 1969 மே 20-ம் தேதி, அப்போலோ-11 பயணத்துக்கான 111 மீட்டர் ராக்கெட்டைச் சங்கிலிச் சக்கரம் வைத்த ராட்சத வண்டி சுமந்து போனது. சுமையோடு அந்த வண்டியின் வேகம் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம்தான். நம்மூர்த் தேரே தேவலை!

நெருப்பு கிடையாது, புகை கிடையாது, கவுன்ட் டவுன் கிடையாது. கைதட்ட எதுவும் இல்லாத காட்சி. திண்டுக்கல்லில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், ஆயுள் முழுக்கப் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவர், இந்தக் காட்சியைத்தான் காகிதத்தில் செய்துகொண்டிருக்கிறார். கொலுவில் பார்க் கட்டுவோமே, அந்த ஜாதிதான். ஆனால், அளவு சுத்தம். இருநூறில் ஒரு பங்கு. 43.5 மீட்டர் ராக்கெட் அவர் மேஜையில் 21.75 சென்டிமீட்டர். நான்கு மீட்டர் விட்டமுள்ள நடு உருளை, இரண்டே சென்டிமீட்டர். 82 மீட்டர் கட்டடம் 41 சென்டிமீட்டர். பக்கத்தில் நடந்து போகும் ஆட்கள் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. எறும்பைவிடக் கொஞ்சம் பெரிசு. தண்டவாளத்தில்தான் இடித்தது. ஒரு கிலோமீட்டரை இருநூறால் வகுத்தால் ஐந்து மீட்டர் வரும். ஹாலைத் தாண்டி அடுப்படிக்குள் போய்விடும். "அங்க மட்டும் தள்ளுபடி போட்டுட்டேன் தம்பி" என்றார், கணக்கு எழுதியவரின் குற்ற உணர்வோடு.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இது எந்தச் சந்திரயான்? ரெண்டா... மூணா?"

அவர் பதில்: "அதெப்படி இப்பவே தெரியும்? இன்னும் கெளம்பவே இல்லியே!"

கிண்டல் என்றுதான் நானும் முதலில் சிரித்தேன். யோசித்தால் அந்த மனுஷன் வில்லங்கமான ஒரு விஷயத்தைத் தொட்டிருக்கிறார். 2019 ஜூலையிலும் 2023 ஜூலையிலும் ஒரே வகை ராக்கெட்தான். ஒரே கட்டடம், ஒரே தண்டவாளம். மேலே எழுதிய பெயரில்தான் வித்தியாசம். அப்போது ஜி.எஸ்.எல்.வி. மார்க்-3, பிற்பாடு எல்.வி.எம்.-3. அந்தப் பெயரை அவர் இன்னும் எழுதவில்லை. பெயர் இல்லாவிட்டால் ஜெயித்தது எது, தோற்றது எது என்று உங்களால் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. அந்த நிமிடத்தில் அங்கே நடந்துகொண்டிருந்தவர்களாலும் முடியாது.

இன்னொரு வேடிக்கை... 2019-ல் ராக்கெட் தோற்கவே இல்லை. கொடுத்த வேலையைக் கச்சிதமாகச் செய்தது. சுற்றுக்கலம் நிலவை அடைந்தது. ஓராண்டு உழைத்தால் போதும் என்று திட்டமிட்ட அது, பல ஆண்டுகள் உழைத்தது. 2023-ல் சந்திரயான்-3 போனபோது அதனோடு பேசவும் உதவியது. செப்டம்பர் 7-ம் தேதி அதிகாலையில் தரையில் மோதியது விக்ரம் என்ற இறங்குகலம் மட்டும். ஆனால், நம் மனப்பேரேட்டில் மொத்தத் திட்டத்தையும் 'நஷ்டம்' பக்கம் எழுதி மூடிவிட்டோம்.

சந்திரயான்-3 திட்ட இயக்குநர் யார் என்று கேட்டால் சட்டென்று சொல்வீர்கள். விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். சொல்ல வேண்டியதுதான், நியாயமான பெருமை. சந்திரயான்-2 திட்ட இயக்குநர் யார்? கொஞ்சம் யோசியுங்கள். எம்.வனிதா, சென்னைக்காரர். இஸ்ரோவில் அந்த மாதிரி பெரிய பயணம் ஒன்றுக்குப் பொறுப்பேற்ற முதல் பெண்மணி. கிளம்புவதற்கு முன் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. செப்டம்பர் 7-க்குப் பிறகு எத்தனை பேர் எழுதினோம்? நானும் பத்திரிகைக்காரன் என்பதால் இதை அழுத்திக் கேட்கவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஒருவர் செய்த வேலையின் மதிப்பை, பிறகு வரும் பலன்தான் தீர்மானிக்கிறதா? இதுதான் கேள்வி.

'பலன் முக்கியமில்லை, கடமைதான் முக்கியம்' என்று காலண்டரில் அச்சடித்து மாட்டியிருக்கிறோம். மாட்டிவிட்டு, பிளஸ் டூ ரிசல்ட் அன்று பக்கத்து வீட்டுப் பையனிடம் "எவ்வளவு?" என்று மட்டும் கேட்கிறோம். எப்படிப் படித்தாய் என்று கேட்டவர் உண்டா? காலண்டர் வாசகத்திலும் எனக்குச் சம்மதமில்லை. பலனே வேண்டாம் என்று எவனும் 640 டன் ராக்கெட் கட்டமாட்டான்.

1979 ஆகஸ்ட் 10 கதை உங்களுக்குத் தெரியும். எஸ்.எல்.வி.-3 வங்கக்கடலில் விழுந்தது. தலைவர் சதீஷ் தவான், தானே முன்னால் போய்ப் பத்திரிகைக்காரர்களைச் சந்தித்தார். 1980 ஜூலை 18-ம் தேதி ஜெயித்தபோது, கலாமைப் பேசச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மேனேஜ்மென்ட் வகுப்புகளில் துவைத்துத் தொங்கவிட்ட கதை. என் சந்தேகம் வேறு. 1980-லும் தோற்றிருந்தால் இந்த 1979 கதையை யாராவது சொல்லியிருப்பார்களா? தவான் செய்த காரியம் அதே காரியம்தான். கேட்கத்தான் ஆள் இருந்திருக்காது. தோல்விக்கே மரியாதை, பின்னால் வந்த வெற்றி போட்ட பிச்சை என்றால்... யோசிக்கவே சங்கடமாக இருக்கிறது.

பலன் பொய் சொல்லவும் சொல்லும். 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். அதற்கு முன் அந்த வகை ஓடங்கள் 24 தடவை போய்ப் பத்திரமாகத் திரும்பியிருந்தன. அந்தப் பயணங்கள் சிலவற்றிலேயே, பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் அரித்துப்போயிருந்ததைப் பொறியாளர்கள் பார்த்துவிட்டார்கள். குளிரில் அது இறுகிவிடும், வேண்டாம் என்று முந்தின நாள் ராத்திரிகூடச் சொன்னார்கள். ஆனால் 24 வெற்றி! லாபம் காட்டும் கம்பெனியில் ஆடிட்டர் பேச்சை யார் கேட்பார்கள்? நான் பி.காம். படித்தவன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று: வரப்போகும் லாபத்தை எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கி வை. அந்த 24-ம் லாபமில்லை. எழுதாமல் விட்ட நஷ்டம்.

இதற்கு நேர் எதிராக நம்மிடம் ஒரு சம்பவம் உண்டு. 2013 ஆகஸ்ட் 19. ஜி.எஸ்.எல்.வி.-டி5 கிளம்ப 74 நிமிடம் இருக்கும்போது இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிந்தது. நிறுத்தினார்கள். வந்த வழியே ராக்கெட்டைக் கட்டடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். அதற்கு முந்தைய இரண்டு ஜி.எஸ்.எல்.வி.களும் 2010-ல் தோற்றிருந்தன என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு அந்த வேதனையை நினைத்துப் பாருங்கள். தேர் பாதி வீதியில் நின்று, நிலைக்குப் பின்னோக்கிப் போகிற மாதிரி. இரண்டாம் அடுக்கையே மாற்றி, 2014 ஜனவரி 5-ம் தேதி ஏவி ஜெயித்தார்கள். அந்தத் திரும்பும் ஊர்வலத்தைக் காகிதத்தில் செய்தால் எப்படி இருக்கும்? போகிற ஊர்வலம் மாதிரியேதான். பக்கத்தில் நடக்கும் ஆட்களைத் திருப்பி ஒட்டினால் போதும். பெரியவரின் ஆட்கள் இன்னும் தீப்பெட்டிக்குள்தான் இருக்கிறார்கள்.

திண்டுக்கல்காரர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. பூட்டு செய்கிற ஊர். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. பூட்டுக்கு ஏது ரிசல்ட்? முப்பது வருடம் கதவில் தொங்குகிறது, திருட்டு நடக்கவில்லை. பூட்டு நல்ல பூட்டு என்பதாலா, திருடன் வரவே இல்லை என்பதாலா? கடைசிவரை தெரியாது. ஆனாலும் உள்ளே லீவரை அரத்தால் ராவியவன் ஒழுங்காக ராவினானா என்று கேட்கலாம். அதற்குப் பதில் உண்டு.

பூட்டை விட்டுவிட்டு ஒட்டன்சத்திரம் பக்கம் போவோம். அதே மண், அதே நாற்று, அதே வியர்வை. சந்திரயான்-3 கிளம்பிய அதே 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. போட்டவர் கெட்டிக்காரர் ஆனார். பறிகூலிக்கே கட்டாமல் ரோட்டோரம் கொட்டிய வருடங்களும் உண்டு. அப்போது அவரே 'விவரமில்லாத ஆள்'. ஊர் வாயைக்கூட மன்னிக்கலாம். அவரே தன்னை அப்படி நினைத்துக்கொள்ள ஆரம்பிப்பதுதான் ஆபத்து. ராத்திரி தூக்கம் வராமல் கிடந்து, எங்கே தப்பு செய்தேன் என்று, செய்யாத தப்பைத் தேடுகிற மனிதர்கள் இந்த வறண்ட சமவெளியில் நிறையப் பேர்.

உடனே ஒரு ஆட்சேபணை எழும். "அப்படீன்னா எல்லாம் அதிர்ஷ்டமா சார்?" இல்லை. சந்திரயான்-3 அதிர்ஷ்டத்தில் இறங்கவில்லை. 2019-ல் இறங்க ஒதுக்கிய இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர். 2023-ல் அதை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக்கினார்கள். ஐந்து இன்ஜினை நான்காகக் குறைத்தார்கள். எங்கெல்லாம் தோற்கலாம் என்று பட்டியல் போட்டுத் திருத்தினார்கள். பலனைப் பார்த்துக் கற்றுக்கொள்வது வேறு, பலனைக் காட்டி ஆளை எடை போடுவது வேறு. ஆளை எடை போட வேண்டுமானால், ஊர்வலம் நடந்த அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரியும், என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். அந்தத் தராசில் சேலஞ்சரை அனுப்பியவர்கள், அது பத்திரமாகத் திரும்பியிருந்தாலும் குற்றவாளிகள்தான்.

இதுவரை சுலபம். இனிதான் முள். 1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்று இரண்டு தத்துவ ஆசிரியர்கள் இதையே கிளறினார்கள். நேகல் சொல்லும் உதாரணம் லாரி டிரைவர். நம்மூருக்கு மாற்றிச் சொல்கிறேன். மதுரை ரோட்டில் இரண்டு பேர் ஒரே மாதிரி கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டுகிறார்கள். ஒருவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிறான். இன்னொருவன் குறுக்கே வந்த குழந்தை மேல் ஏற்றிவிடுகிறான். நம் புதிய சட்டத்தில் முதலாமவனுக்குச் சிறை அதிகபட்சம் ஆறு மாதம். இரண்டாமவனுக்கு ஐந்து வருடம்வரை. செய்த தப்பு ஒன்றேதான், குழந்தை வந்தது மட்டும்தான் வேறு. என் தராசுப்படி இருவரும் சமம். குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் போய் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்கிறதா? இல்லை. உங்களுக்கு?

முதலாமவனை மட்டும் நாம் ரொம்பச் சுலபமாக விட்டுவிடுகிறோம் என்று தோன்றுகிறது. பல நாட்கள் அந்த முதலாமவன் நாமாகவே இருப்பதாலோ என்னவோ.

ராக்கெட் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பெரியவர் சொன்ன குறிப்புகள்: கடையில் போய் அட்டை வாங்காதீர்கள், பழைய கல்யாணப் பத்திரிகை போதும். மடிக்கிற இடத்தில் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு மடித்தால் விரியாது. வெட்டின ஓரம் வெள்ளையாகப் பல்லிளிக்கும், அதே கலர் ஸ்கெட்ச் பேனாவால் தடவிவிடுங்கள். ஃபெவிகாலை ஊதுபத்திக் குச்சி முனையில் தொட்டு வையுங்கள். உருளையைச் சுற்றி, நூல் கட்டி, ஒரு ராத்திரி காயவிடுங்கள். ஆட்களைக் கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம்.