லாவ் பா சனி

2014இல் சிங்கப்பூரில் ஒரு வழிகாட்டிப் பலகை எல்லாரையும் சிரிக்க வைத்தது. 'லாவ் பா சாட்' என்கிற பழைய உணவங்காடியின் பெயர் அதில் தமிழில் 'லாவ் பா சனி' ஆகியிருந்தது. ஹொக்கியனில் 'பா சாட்' என்றால் சந்தை. அந்த 'சாட்', சனிக்கிழமையின் ஆங்கிலச் சுருக்கமாகிவிட்டது. 2017 தேசிய தின அணிவகுப்புத் துண்டுப்பிரசுரத்திலோ தமிழ் வரி படிக்கவே முடியாதபடி சிதைந்து அச்சானது. ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்டது.

நான் மென்பொருள் சோதிப்பவன். சிரித்து முடித்ததும் எனக்கு ஒரு கேள்வி வரும். 'தமிழ் இருக்கிறதா?' என்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கேட்டால், இரண்டுமே பாஸ்தானே?

பட்டியல் பொய் சொல்லாது. ஆனா நமக்கு ஏற்கெனவே தோன்றிய கேள்வியை மட்டும்தான் அது கேட்கும். தோன்றாத கேள்வியைத் தேடிப் போவதற்கு கெம் கேனர் 1980களில் வைத்த பெயர் 'எக்ஸ்ப்ளோரேட்டரி டெஸ்டிங்'. மென்பொருளைக் கற்பது, சோதனையை யோசிப்பது, செய்து பார்ப்பது மூன்றும் ஒன்றாகவே நடக்கும்.

'அப்போ மனம் போன போக்கில் தட்டிப் பார்க்கிறதா?' என்பார்கள். அப்படியில்லை. 2000இல் ஜானதன் பாக், ஜேம்ஸ் பாக் சகோதரர்கள் இதற்கு ஓர் ஒழுங்கு தந்தார்கள்: ஒரு நோக்கம், சுமார் 90 நிமிடம் இடையூறில்லாத அமர்வு, எழுதிய குறிப்புகள், முடிந்ததும் இன்னொருவரிடம் கணக்கு ஒப்புவித்தல்.

நோக்கம் இப்படி இருக்கலாம்: 'சிராங்கூன் ரோட்டில் எதிரே வருகிறவரின் பெயர் இந்தப் படிவத்துக்குள் நுழையுமா?' இங்கே பல தமிழர்களின் அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'எஸ்/ஓ' அல்லது 'டி/ஓ' உண்டு. அந்தச் சாய்கோட்டைப் படிவம் ஏற்குமா? ஏற்றால், ரசீதிலும் அது அப்படியே வருமா? குடும்பப் பெயரே இல்லாதவர் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்? தமிழில் தட்டினால் 'கொ'வின் கொம்பு இடம் மாறுமா? ஒவ்வொரு விடையும் அடுத்த கேள்வியைக் கிளப்பும்.

கேனர் தன் வரையறையில் சோதிப்பவரின் சுதந்திரத்தையும் பொறுப்பையும் சேர்த்தே வைக்கிறார். எனக்கு இது அறம் சார்ந்த விஷயமாகவே படுகிறது. பட்டியலை முடித்தவர் 'சொன்னதைச் செய்தேன்' என்று நகர்ந்துவிடலாம். தேடிப் போனவருக்கு அந்த ஒதுங்கிடம் கிடையாது. எங்கே பார்த்தேன், எங்கே பார்க்கவில்லை, ஏன்? மூன்றுக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். அதற்காகப் பட்டியலைக் கிழித்துப் போட வேண்டாம். நேற்று ஓடியது இன்றும் ஓடுகிறதா என்பதை இயந்திரம் சலிக்காமல் கேட்கட்டும்.

தேடலுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. தமிழ் தெரியாதவர் 90 நிமிடம் உற்றுப் பார்த்தாலும் 'சனி' அவர் கண்ணில் பட்டிருக்காது. ஆனால் 'இந்த வரியை எனக்குப் படிக்கத் தெரியாது' என்று குறிப்பில் எழுதியிருக்க முடியும். அந்த ஒரு வரி போதும். கணக்குக் கேட்பவர் தேக்காவில் யாரையாவது கூப்பிட்டுக் காட்டியிருப்பார்.