முழுகாமல் இருப்பது

கொடைக்கானலில் அத்தை வீட்டுத் தெருவில் யாரும் 'கர்ப்பம்' என்று சொல்லவில்லை. "மக முழுகாம இருக்காளாமே?" என்றுதான் கேட்டார்கள். மாதவிலக்கு முடிந்து தலைமுழுகும் நாள் இந்த முறை வரவில்லை, அவ்வளவுதான் சேதி. மென்பொருள் எழுதுகிற எனக்கு இது உடனே பிடித்துப்போனது. வரவேண்டிய சிக்னல் வராததும் ஒரு தகவல்தானே.

இதற்கான ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்தைப் பிரித்தால் 'பிறப்புக்கு முன்' என்று வருகிறது. அதன் கண் முழுக்க வரப்போகும் குழந்தை மேல். கர்ப்பம் வடமொழி, கோயிலின் கர்ப்பகிருகத்தில் இருப்பதும் அதே சொல். நாம் கருவறை என்று தமிழாக்கி இரண்டுக்கும் வைத்துக்கொண்டோம். சூல் பெண்ணுக்கு மட்டும் உரியதல்ல. தாவரவியல் பாடத்தில் பூவுக்குச் சூலகம் உண்டு, சங்கப் பாடல்களில் மேகம் சூல் கொள்ளும். கோக்கர்ஸ் வாக்கில் நின்று, கீழேயிருந்து கனத்து ஏறி வரும் மேகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் மாதம் எங்களுக்குத் தங்கவில்லை. அத்தை பக்கத்து வீட்டில் சொன்னது ஒரே வார்த்தை: "கலஞ்சிருச்சு." மேகத்துக்கும் அதே வினைதான். செய்தவர் என்று யாருமில்லை. மருத்துவமனை தந்த தாளில் 'அபார்ஷன்' என்றிருந்தது. தானாக நின்றுபோனாலும் மருத்துவத்தில் அதே பெயர்தான். 'தன்னிச்சையான' என்று முன்னால் ஓர் அடைமொழி சேர்ப்பார்கள். எங்கள் தாளில் அது விடுபட்டிருந்தது. அதைப் படித்த உறவினர் ஒருவர் அவளிடமே கேட்டார்: "ஏம்மா கலச்சீங்க?"

கலைந்தது தன்வினை, கலைத்தது பிறவினை. பள்ளியில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்த வித்தியாசம். நான் கோபமாக, "அவ ஒண்ணும் கலைக்கல, அதுவா கலஞ்சிருச்சு" என்றேன். நியாயமாகப் பேசிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

இரவு அவள் கேட்டாள்: "கலைச்சிருந்தா மட்டும் என்னவாம்?"

பதில் வரவில்லை. 1971இலேயே சட்டம் சில நிபந்தனைகளோடு அனுமதித்த விஷயம் அது. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து, கலைப்பது குற்றம் என்று அந்த உறவினரோடு சேர்ந்து நானும் ஒப்புக்கொண்டிருந்தேன். பிறவினைப் பக்கம் நிற்கிற எத்தனையோ பெண்களை என் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டிருக்கிறேன். அவள் அதிகம் பேசவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து, குளிர் விடாத காலையில், அத்தை விறகடுப்பில் வெந்நீர் போட்டு அவளுக்குத் தலைக்கு ஊற்றினார்.